'எனில்' என்னும் சிறுசொல்: மன்திக் பாடத்திலிருந்து சட்டக் கல்லூரி வாசல்வரை



நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வயநாட்டு எல்லையை ஒட்டிய பந்தலூர் வட்டத்தில் அமைந்தது சேரங்கோடு. தேயிலைத் தோட்டங்களும், அவற்றை ஒட்டிய காடுகளும், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளும் சூழ்ந்த ஊர். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின், மத்ரஸா அறையில் நாங்கள் சிலர் கூடியிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நம் மஹல்லாப் பெண்ணொருத்தி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வாகிய கிளாட் தேர்வுக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். தாய் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. பயிற்சி மையத்திற்குச் செலுத்தப் பணமில்லாத காரணத்தால், படித்தவர்கள் என்று பெயரெடுத்த எங்களிடம் அவள் ஐயம் கேட்க வந்திருந்தாள்.

அவள் கேட்ட வினா இதுதான்: "விண்ணப்பம் உரிய காலத்தில் வந்திருந்தால் மட்டுமே பரிசீலிக்கப்படும். ஒருவருடைய விண்ணப்பம் உரிய காலத்தில் வந்துவிட்டது. அது பரிசீலிக்கப்படும் என்று முடிவு செய்யலாமா?"

நாங்கள் அனைவரும் ஒரே குரலில் "செய்யலாம்" என்றோம். நூலின் விடைப்பகுதியோ "செய்ய இயலாது" என்றது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார். மூலையில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த முதிய ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ஒளு இருந்தால்தானே தொழுகை கூடும்?"

"ஆமாம், ஹஜ்ரத்."

"நீ ஒளு செய்துவிட்டாய். தொழுதுவிட்டாயா?"

அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் தலைகுனிந்தோம். நூலில் அச்சுப் பிழை ஏதுமில்லை. பிழை எங்கள் சிந்தனையில் இருந்தது. அரபிக் கல்லூரியில் தாம் இளமையில் ஓதிய மன்திக் பாடத்தில் இது முதல் ஆண்டுக்குரிய செய்தி என்று ஹஜ்ரத் சொன்னார். அன்றிரவு தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. சட்டக் கல்லூரி வாசலில் இன்று நம் பிள்ளைகளை மறித்து நிற்கும் 'எனில்' என்னும் சிறுசொல், நம் முன்னோரின் பாடசாலைகளில் எவ்வாறு பயிலப்பட்டது, பின்னர் எவ்வாறு நம் கையைவிட்டுப் போனது என்பதை வாசகர்களோடு பகிர விழைகிறோம்.

நான்கு முடிவுகள், இரண்டே சரி

முதலில் பாடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் ஊரில் எல்லாருக்கும் விளங்கும் வாக்கியம் ஒன்று: "யானை சாலையில் இறங்கினால் காலைப் பேருந்து வராது." இவ்வாக்கியத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. 'யானை இறங்குதல்' முற்பகுதி. அரபு மன்திக் நூல்கள் இதனை முகத்தம் என்னும். 'பேருந்து வராமை' பிற்பகுதி. அதற்குத் தாலீ என்று பெயர். (இச்சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அதனாலேயே மறக்காமலும் இருக்கிறார்கள்.)

இவ்வொரு வாக்கியத்திலிருந்து நால்வர் நான்கு முடிவுகளுக்கு வரக்கூடும்.

முதலாமவர்: யானை இறங்கியது, ஆகவே பேருந்து வராது. இது சரி.

இரண்டாமவர்: பேருந்து வந்துவிட்டது, ஆகவே யானை இறங்கவில்லை. இதுவும் சரி. யானை இறங்கியிருப்பின் பேருந்து வந்திருக்காது அல்லவா?

மூன்றாமவர்: பேருந்து வரவில்லை, ஆகவே யானை இறங்கியிருக்கிறது. இது தவறு. மரம் விழுந்திருக்கலாம்; மண் சரிந்திருக்கலாம்; பேருந்தே பழுதாகியிருக்கலாம்.

நான்காமவர்: யானை இறங்கவில்லை; ஆகவே பேருந்து வரும். இதுவும் தவறு. காரணம் மேற்சொன்னதே.

முற்பகுதியை உறுதி செய்தால் பிற்பகுதி உறுதியாகும். பிற்பகுதியை மறுத்தால் முற்பகுதி மறுக்கப்படும். இவ்விரண்டின் மறுதலைகள் எவ்வுறுதியும் தாரா. மன்திக் மாணவர் மனனம் செய்யும் விதி இவ்வளவே. இன்றைய நுழைவுத் தேர்வு நூல்கள் அம்புக்குறி இட்டு விளக்குவதும் இதனையே.

இனி, 'இருந்தால்' என்பதற்கும் 'இருந்தால்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். தமிழில் 'தான்' என்னும் ஓரசை சேர்ந்தவுடன் வாக்கியத்தின் திசையே மாறிவிடுகிறது. "யானை இறங்கினால் பேருந்து வராது" என்பதில் யானையே போதும், வேறெதுவும் வேண்டா. "ஒளு இருந்தால்தான் தொழுகை கூடும்" என்பதில் ஒளு இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. நேரம் நுழைந்திருக்க வேண்டும், கிப்லாவை முன்னோக்க வேண்டும், தொழவும் வேண்டும். விண்ணப்ப வினாவில் 'மட்டுமே' என்னும் சொல்லைக் கண்டும் காணாமல் கடந்ததே நாங்கள் செய்த பிழை.

ஷர்த்து என்னும் சொல்லின் இரு பொருள்

இவ்விடத்தில் ஹஜ்ரத் எங்களுக்கு ஒரு நுட்பத்தை எடுத்துரைத்தார். இலக்கணத்திலும் மன்திக்கிலும் 'எனில்' என்னும் வாக்கியத்தின் முற்பகுதி ஷர்த்து எனப்படும். அது நிகழ்ந்தால் பிற்பகுதி நிகழும். ஆனால் உஸூலுல் ஃபிக்ஹ் எனப்படும் சட்ட மூலவியலில் ஷர்த்து என்றால் பொருள் வேறு. ஒன்று இல்லையெனில் மற்றொன்றும் இல்லாமற்போகும். ஆனால் அது இருப்பதனால் மட்டும் மற்றொன்று இருந்தாக வேண்டும் என்றோ, இருக்கக்கூடாது என்றோ ஆகாது. இதுவே சட்ட அறிஞர்கள் ஷர்த்துக்குக் கூறும் இலக்கணம். ஒளு அத்தகையது.

இதனோடு ஸபப் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸபப் இருந்தால் சட்டம் இருக்கும், இல்லையேல் இராது. ஸகாத்தைப் பொறுத்தவரை, நிஸாப் அளவு செல்வம் ஸபப். அச்செல்வம் ஓராண்டு கையிலிருத்தல் ஷர்த்து. ஓராண்டு கழிந்துவிட்டது என்பதனால் மட்டும் ஸகாத் கடமையாகிவிடாது. செல்வம் அவ்வளவை எட்டியிருக்க வேண்டும். அளவு எட்டிவிட்டது, ஆண்டு நிறையவில்லை எனில், ஷர்த்து இன்மையால் கடமை இன்னும் வந்துசேரவில்லை.

போதுமான நிபந்தனை, இன்றியமையாத நிபந்தனை என்று இன்றைய தருக்க நூல்கள் பிரித்துக் காட்டும் வேறுபாட்டை, ஒளுவையும் ஸகாத்தையும் கொண்டு நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்றுவிட முடியும். இதை அந்நியமான ஒன்றாக எண்ணி அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

கிரேக்கத்திலிருந்து பாக்தாத் வரை

இக்கலை முழுவதும் நம்மிடமிருந்தே உலகுக்குச் சென்றது என்று பெருமை பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரிசிப்பஸ் முதலிய ஸ்டோயிக் சிந்தனையாளர்கள் 'எனில்' வாக்கியங்களின் செல்லுபடியாகும் வடிவங்களை முறையாக வகுத்தனர். இந்திய மண்ணிலும் இதே சிந்தனை தனியே வளர்ந்தது. "எங்கே புகை உண்டோ அங்கே நெருப்பு உண்டு" என்பது அந்வயம். "எங்கே நெருப்பு இல்லையோ அங்கே புகை இல்லை" என்பது வெதிரேகம். மேலே கண்ட இரண்டாமவரின் முடிவும் இவ்வெதிரேகமும் ஒன்றே. தமிழில் இவ்வளவை முறைகளை மணிமேகலையின் 29ஆம் காதை விரிவாகப் பேசுகிறது. ஒரு தமிழ்க் காப்பியம் தருக்கப் பாடத்திற்கு ஒரு காதையையே ஒதுக்கியுள்ளது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

முஸ்லிம் அறிஞர்கள் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்ததோடு நின்றுவிடவில்லை. இப்னு ஸீனா (980–1037) தம் ஷிஃபா நூலில் நிபந்தனை வாக்கியங்களுக்கு மிக விரிவான இடம் அளித்தார். இரு நிபந்தனைகளை இணைத்து மூன்றாவதொன்றைப் பெறும் முறையை அவர் வகைப்படுத்தினார். "கனமழை பெய்தால் மண் சரியும், மண் சரிந்தால் சாலை அடைபடும், ஆகவே கனமழை பெய்தால் சாலை அடைபடும்" என்னும் சங்கிலித் தொடர் இவ்வகையைச் சேர்ந்தது. நுழைவுத் தேர்வில் மாணவர்கள் மிகுதியாகச் சந்திப்பதும் இத்தொடர்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) ஒருபடி மேலே சென்றார்கள். அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம் என்னும் நூலில், சிந்தனையை நிறுக்கும் ஐந்து தராசுகள் குர்ஆனிலேயே உள்ளன என்று அவர்கள் விளக்கினார்கள். அவற்றுள் ஒன்று மீஸானுத் தலாஸும். அதாவது, ஒன்றையொன்று தொடரும் இணைப்பின் தராசு. அன்பியா அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள். பல தெய்வங்கள் இருந்திருப்பின் வானமும் பூமியும் சீர்கெட்டிருக்கும், அவை சீர்கெடவில்லை, ஆகவே பல தெய்வங்கள் இல்லை. பிற்பகுதியை மறுத்து முற்பகுதியை மறுக்கும் அதே வடிவம் இது. சட்ட மூலவியல் குறித்துத் தாம் எழுதிய அல்முஸ்தஸ்ஃபா என்னும் பெருநூலையும் இமாமவர்கள் தருக்க முன்னுரையோடுதான் தொடங்கினார்கள்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) மன்திக் கற்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களும் அவ்வாறே கருதினார்கள். இப்னு தைமிய்யா (ரஹ்) தருக்கவாதிகளை மறுத்துப் பெருநூலே எழுதினார்கள். கிரேக்கத் தத்துவத்தின் கொள்கைகள் தருக்கத்தின் நிழலில் நுழைந்துவிடும் என்பதே அவர்களது அச்சம். 16ஆம் நூற்றாண்டில் அல்அக்ழரீ தம் செய்யுள் நூலில் இக்கருத்து வேறுபாட்டைப் பதிவுசெய்துவிட்டு, குர்ஆனையும் ஸுன்னாவையும் அறிந்த தெளிந்த அறிவுடையோர் கற்கலாம் என்னும் கருத்தையே முதன்மைப்படுத்தினார். அவரது செய்யுளும், அல்அப்ஹரீயின் ஈஸாகோஜி என்னும் சிறுநூலும் அரபிக் கல்லூரிகளில் மாணவர் தலைமுறைகளை உருவாக்கின.

சென்னைக்கு வந்த கல்விக் கடல்

இவ்வரலாற்றின் ஒரு பெரும் அத்தியாயம் நம் தமிழகத்தில் நிகழ்ந்தது என்பது பலருக்குத் தெரியாது.

லக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) வகுத்ததே தர்ஸே நிஜாமி என்னும் பாடத்திட்டம். இந்திய அரபிக் கல்லூரிகள் பலவற்றின் அடித்தளம் இன்றும் அதுவே. மன்திக்குக்கு அதில் சிறப்பிடம் உண்டு. அவருடைய மைந்தர் அப்துல் அலீ. கல்விகளின் கடல் என்னும் பொருளில் பஹ்ருல் உலூம் என்று போற்றப்பட்டவர். ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்தின் புஹார் எனப் பல ஊர்களில் பாடம் நடத்திய அப்பெருமகனாரை, ஆர்க்காட்டு நவாப் முஹம்மத் அலீ வாலாஜா சென்னைக்கு அழைத்துக்கொண்டார். எஞ்சிய வாழ்நாளை இங்கேயே கற்பித்தலில் கழித்து, 1810இல் அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

பஹ்ருல் உலூம் எழுதிய உரைகளுள் இரண்டு நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. முஹிப்புல்லாஹ் பிஹாரீ (மறைவு 1707) என்னும் அறிஞர் காஜியாகப் பணியாற்றியவர். தருக்கத்தில் ஸுல்லமுல் உலூம் என்னும் நூலையும், சட்ட மூலவியலில் முஸல்லமுஸ் ஸுபூத் என்னும் நூலையும் இயற்றினார். இவ்விரண்டிற்கும் பஹ்ருல் உலூம் உரை வரைந்தார். மூலநூலாசிரியர் தருக்க அறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கினார். உரையாசிரியர் தருக்க ஆசானாகவும் சட்ட ஆசானாகவும் விளங்கினார். தருக்கமும் சட்டமும் ஒரே மாணவரின் கையில் இரு நூல்களாக இருந்த காலம் அது. முஸல்லமுஸ் ஸுபூத்துக்கு அவர் எழுதிய ஃபவாதிஹுர் ரஹமூத் என்னும் உரையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் பூலாக் அச்சகம் இமாம் கஸ்ஸாலியின் முஸ்தஸ்ஃபாவோடு சேர்த்து அச்சிட்டது. சென்னை மண்ணில் அடங்கியிருக்கும் ஓர் ஆசிரியரின் எழுத்து, இமாமவர்களின் எழுத்தோடு ஒரே பக்கத்தில் இடம்பெற்றது.

ஒரு நிபந்தனை, இரு மத்ஹபுகள்

தருக்கமும் சட்டமும் எங்கே இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்பதற்கு நம் சமுதாயத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. தமிழகத்தில் ஷாஃபிஈ மத்ஹபினரும் ஹனஃபீ மத்ஹபினரும் அருகருகே வாழ்கிறோம். இவ்விரு மத்ஹபுகளும் வேறுபடும் இடங்களுள் ஒன்று, நாம் மேலே கண்ட நான்காமவரின் முடிவு.

தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், மணவிலக்குப் பெற்ற பெண்கள் கருவுற்றிருந்தால் பிரசவம்வரை அவர்களுக்குச் செலவழிக்குமாறு பணிக்கிறது. இங்கே கருவுற்றிருத்தல் நிபந்தனையாகச் சொல்லப்பட்டுள்ளது. அவ்வாறாயின், மீட்க இயலாத மணவிலக்குப் பெற்று, கருவுறாமல் இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டா?

ஷாஃபிஈ அறிஞர்கள், நிபந்தனை இல்லாதபோது சட்டமும் இல்லை என்று வசனத்தின் மறுதலையிலிருந்து பொருள் கொண்டார்கள். அவர்கள் கருத்தில் அப்பெண்ணுக்கு உறைவிடம் உண்டு, ஜீவனாம்சம் இல்லை. ஹனஃபீ அறிஞர்களோ, நிபந்தனையின் மறுதலையைச் சான்றாகக் கொள்வதில்லை. கருவுற்றவரைப் பற்றி வசனம் பேசியது. கருவுறாதவரைப் பற்றி இவ்வாக்கியம் மௌனம் காத்தது. ஆகவே வேறு சான்றுகளை நாட வேண்டும் என்றார்கள். அவ்வாறு நாடி, உறைவிடம், ஜீவனாம்சம் இரண்டும் உண்டு என்று முடிவுசெய்தார்கள்.

இதனைக் கேட்ட அம்மாணவி உடனே கேட்டாள்: "அப்படியென்றால் ஷாஃபிஈ இமாம்கள் தருக்கத்தில் பிழை செய்துவிட்டார்களா?"

"இல்லை" என்றார் ஹஜ்ரத். "வெறும் வாக்கியத்திலிருந்து மறுதலை கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். சட்டம் தருபவன் ஒரு நிபந்தனையை வீணாகச் சொல்லமாட்டான் என்பது அவர்கள் சேர்த்துக்கொண்ட அடிப்படை. அந்த அடிப்படையைச் சேர்த்த பிறகே மறுதலை வருகிறது. ஹனஃபீகள் அந்த அடிப்படையை ஏற்கவில்லை. வேறுபாடு தருக்கத்தில் இல்லை. எதனை முற்கோளாக வைப்பது என்பதில் இருக்கிறது."

கிளாட் தேர்வுக்குப் படிப்போர் இவ்விளக்கத்தை மனத்தில் இருத்த வேண்டும். தேர்வுத்தாள் ஒரு பத்தியைத் தந்து, அதிலிருந்து மட்டும் முடிவு கேட்கிறது. பத்தியில் இல்லாத முற்கோளை நம் பழக்கத்தாலோ, நன்மை எண்ணத்தாலோ சேர்த்துவிடக் கூடாது. சேர்ப்பதாயின், சேர்க்கிறோம் என்று அறிந்து சேர்க்க வேண்டும். ஒரு பெண்ணின் உணவும் உடையும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருந்தன என்பதை நினைத்தால், இது வெறும் அறிவு விளையாட்டன்று என்பது விளங்கும்.

அறுந்த இழை

இத்தகைய பாரம்பரியம் நம்மிடம் இருந்தும், விண்ணப்ப வினாவில் நாம் ஏன் தடுமாறினோம்?

கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்ட அதிகாரிகள் பணியாற்றினர். மத்ரஸாவில் மன்திக்கும் உஸூலும் பயின்றவருக்கு நீதிமன்றத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அப்பதவிகளை நீக்கியது. திருமணம் முதலிய சடங்குகளுக்காகக் காஜிகளை நியமிக்க 1880இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது நீதி வழங்கும் அதிகாரத்தைத் திருப்பித் தரவில்லை. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமானது. வழக்கறிஞராவதற்கான பாதை வேறு கல்விக்கூடங்கள் வழியாகச் சென்றது.

மன்திக் அரபிக் கல்லூரிகளில் தொடர்ந்து ஓதப்பட்டது. ஆயினும் அதனைப் பயன்படுத்தும் மன்றம் இல்லாமற்போனதால், பல இடங்களில் அது மனனம் செய்யும் பாடமாகச் சுருங்கியது. மறுபுறம், பள்ளிக்கூடம் சென்ற நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு பாடம் இருப்பதே தெரியாமற்போனது. ஒரே மஹல்லாவில் ஹஜ்ரத்தும் பட்டதாரியும் வாழ்ந்தும், இருவரும் இதுபற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இக்குற்றத்தை ஆங்கிலேயர்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது.

எனினும், புதிய பாதையில் சென்று உயர்ந்தோரும் நம்மிடையே உண்டு. நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் 1979இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். பத்தனம்திட்டாவின் ராவுத்தர் குடும்பத்தில் பிறந்த நீதியரசர் ஃபாத்திமா பீவி 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நம் பெண்பிள்ளைகளுக்குச் சட்டக் கல்வி எதற்கு என்று கேட்போருக்கு இப்பெயரே விடையாகும்.

இம்மலையும் 'எனில்' என்னும் சொல்லும்

சேரங்கோட்டில் வாழ்வோர் சட்டத்தின் 'எனில்'களை நூலில் படிப்பதற்கு முன்பே வாழ்க்கையில் சந்தித்தவர்கள். எங்கள் அண்டை வீட்டார் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவருக்கும் ஒரு நிபந்தனை வைத்தது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தலைமுறைகளாகத் தேயிலை பறித்தும், தந்தையின் பிறப்புக்குச் சான்று காட்ட இயலாத தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவராயினர். 'சான்று இல்லை' என்பதிலிருந்து 'பிறக்கவில்லை' என்னும் முடிவு தருக்கத்தில் வராது. அலுவலக மேசையிலோ அது வந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவர்களுக்கு வாழ்வளிக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டேன்டீ நிறுவனமானது. சேரங்கோடும் அதன் தோட்டப் பிரிவுகளுள் ஒன்று.

எங்கள் நிலத்தின் கதையும் அவ்வாறே. நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களை அரசுக்குரியதாக்கக் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன் ஒரு பகுதியை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1974இல் 34ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அச்சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து எழுந்த ஐ.ஆர். கொய்லோ வழக்கில், 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 1973 ஏப்ரல் 24க்குப் பின் அட்டவணையில் சேர்க்கப்பட்ட ஒரு சட்டம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுமெனில், அது செல்லாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் பயிலும் இத்தீர்ப்பின் வேர் எங்கள் மலையில் இருக்கிறது. பட்டா என்னும் சொல் இன்றும் ஏக்கமாக ஒலிக்கும் வீடுகளின் பிள்ளைகள் இதனை அறியாதிருப்பது தகுமா?

இதனையே எங்கள் மாணவிக்குப் பயிற்சி வினாவாக்கினோம். "அந்நாளுக்கு முன் சேர்க்கப்பட்ட சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பின் பெயரால் எதிர்க்க முடியாது என்று மேற்சொன்ன வாக்கியத்திலிருந்து முடிவு செய்யலாமா?" இம்முறை அவள் அவசரப்படவில்லை. "செய்ய முடியாது. பிந்தையவற்றைப் பற்றித்தான் வாக்கியம் பேசுகிறது. முந்தையவற்றுக்கு வேறு சான்று வேண்டும்" என்றாள். அவள் சொன்னது சரி. முந்தைய சட்டங்களுக்குரிய பாதுகாப்பை 1981இன் வாமன் ராவ் தீர்ப்பு தனியே கூறியது. முடிவு உண்மையாக இருப்பது வேறு. கையிலுள்ள வாக்கியத்திலிருந்து அது கிடைப்பது வேறு.

இனிச் செய்ய வேண்டுவன

2008இல் தொடங்கிய கிளாட் தேர்வு, 2020 முதல் பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறியது. இப்போது 120 வினாக்கள்; இரண்டு மணி நேரம்; தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலம், பொது அறிவு, சட்டச் சிந்தனை, தருக்கச் சிந்தனை, கணக்கியல் நுட்பம் என ஐந்து பகுதிகள். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இத்தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கிறது. இதில் வெற்றி கிட்டாவிடினும் மனம் தளர வேண்டியதில்லை. அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடும், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்குச் சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடும் மாநில அரசு ஒதுக்கியுள்ளது.

மன்திக் தெரிந்தால் போதும், தேர்வில் வென்றுவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது, மேலே பேசிய பிழையை நாமே செய்வதாகும். தெளிந்த சிந்தனை இன்றியமையாதது. ஆனால் அதுவே போதுமானதன்று. ஆங்கில வாசிப்பும், நாள்தோறும் செய்தித்தாள் படிப்பதும், கடிகாரத்தோடு பழகுவதும் வேண்டும்.

எங்கள் மத்ரஸாவில் இப்போது வாரம் இருமுறை இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் வகுப்பு நடைபெறுகிறது. ஹஜ்ரத் ஒரு நிபந்தனையைச் சொல்வார். பிள்ளைகள் நான்கு முடிவுகளையும் எழுதி, இரண்டை அடிப்பார்கள். பிறகு அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுவார்கள். 'எனில்', 'எனில் மட்டுமே', 'ஆலொழிய' ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை அவர்களே அடையாளம் காண்கிறார்கள். முஸ்லிமல்லாத அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். பலகை ஒன்று, சாக்குக்கட்டி சில. இவற்றைத் தவிர எங்களுக்குச் செலவு ஏதுமில்லை. மன்திக் ஓதிய ஆலிம் ஒருவரும், ஆங்கிலம் அறிந்த பட்டதாரி ஒருவரும் இருக்கும் எந்த மஹல்லாவிலும் இது இயலும்.

இதனை எழுதும்வேளையில் அப்பெண் இன்னும் தேர்வு எழுதவில்லை. டிசம்பர் வரும், எழுதுவாள். அவள் கேட்ட வினாவுக்கு நாங்கள் தவறாக விடை சொன்ன அந்த இரவுக்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துகிறோம். அந்தத் தவறு இல்லையேல் மூலையிலிருந்த ஹஜ்ரத்தின் கல்வியை நாங்கள் அறிந்திருக்கமாட்டோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நீதியின் பக்கம் நிற்கும் உள்ளத்தையும், உண்மையைப் பிழையிலிருந்து பிரித்தறியும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.